சுப்பன் வீட்டுப் பிள்ளைகள் மூவர்: ஐஸ் ஹொக்கியில் மேலே போவது எப்படி?

முதுகில் ஆங்கிலத்தில் ‘சுப்பன்’ என்று எழுதிய சிவப்புச் சட்டையோடு ஒருவர் மொன்றியல் அணிக்காக ஆடுவதைத் தொலைக்காட்சியில் கண்ட அன்று, எங்கள் வீட்டில் பெரிய விசாரணையே நடந்தது. “எங்கட ஆளோ? எந்த ஊராம்?” என்றார் அம்மா. எங்கட ஆள் இல்லை. தகப்பன் கார்ல் ஜமேக்காவிலிருந்தும் தாய் மரியா மொன்செராற் தீவிலிருந்தும் கனடாவுக்கு வந்தவர்கள். பெயரையும் ‘சூபன்’ என்றுதான் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். எனக்கு அன்று பிடித்த ஆர்வம் இன்னும் விடவில்லை. ஐஸ் ஹொக்கியில் ஒரு பிள்ளை எப்படி மேலே வருகிறான், ஏன் வராமல் போகிறான் என்று யாராவது கேட்டால், இந்த ஒரு வீட்டைக் காட்டினாலே பாதி விளங்கிவிடும்.

அந்த வீட்டில் ஹொக்கி ஆடிய ஆண்பிள்ளைகள் மூவர்: மொன்றியல் சட்டையில் நாங்கள் கண்ட பி.கே., அவருடைய தம்பிமார் மால்கம், ஜோர்டன். மூவரும் ஒன்ராறியோவின் பெல்வில் புல்ஸ் என்ற இளையோர் அணியில் ஆடினார்கள். மூவரையுமே என்.எச்.எல். அணிகள் தெரிவு செய்தன. கனடாவையும் அமெரிக்காவையும் சேர்ந்த 32 அணிகள் ஆடும் என்.எச்.எல். தான் உலகத்திலேயே உச்சமான ஹொக்கி லீக். தெரிவான வரிசையில் மால்கமுக்கு 24ஆம் இடம், பி.கே.க்கு 43, ஜோர்டனுக்கு 115.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் வீட்டின் நட்சத்திரம் மால்கம் என்றுதான் சொல்வீர்கள். நடந்தது வேறு. பி.கே. 834 ஆட்டங்கள் ஆடி, 2013இல் லீக்கின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் விருதையும் வாங்கினார். மால்கம் ஆடியவை 87. ஜோர்டன் என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்கிறோம். இந்த லீக்கில் ஒரு பெருங்கூட்டமே முளை பார்ப்பதைத் தொழிலாக வைத்திருக்கிறது. ஸ்கவுட் என்று பெயர். குளிர் அரங்குகளில் ஆறிப்போன கோப்பியோடு உட்கார்ந்து, 17 வயதுப் பிள்ளைகளைப் பார்த்து, 25 வயதில் எப்படி இருப்பார்கள் என்று எழுதுவது அவர்களுடைய வேலை. அப்படிப் பார்க்கப்படும் பிள்ளையைத்தான் ‘ப்ரொஸ்பெக்ற்’ என்கிறார்கள். கையில் ஏதோ இருக்கிறது, ஆனால் இன்னும் ஆளாகவில்லை என்று பொருள்.

தெரிவு நடக்கும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். ஜூன் மாதக் கடைசியில் 32 அணிகளும் முறைவைத்து இளைஞர்களின் பெயர்களைச் சொல்லும். ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இங்கே ஏலத்தொகை கிடையாது, முறை மட்டும்தான். சென்ற பருவத்தில் பின்தங்கிய அணிகளுக்கு முதல் வாய்ப்பு. வேண்டுமென்றே தோற்கும் ஆசை யாருக்கும் வரக்கூடாது என்பதற்காக முன்வரிசை இடங்களுக்கு ஒரு குலுக்கலும் வைத்திருக்கிறார்கள். சுற்றுகள் ஏழு, ஆகவே ஆண்டுக்கு 224 பெயர்கள். தெரிவான பிள்ளைக்கு அன்றே வேலை கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கடையில் முன்பணம்கூடக் கொடுக்காமல் “இதை எனக்கு எடுத்து வையுங்கோ” என்று சொல்லிவிட்டு வருவது போலத்தான். குறித்த காலத்துக்கு வேறு எந்த என்.எச்.எல். அணியும் அவனோடு ஒப்பந்தம் பேச முடியாது. அந்த உரிமை மட்டும்தான் அணிக்குக் கிடைக்கிறது.

இனிக் கொஞ்சம் கணக்கு. ஒரு அணியில் 23 இடங்கள். 32 அணிகளுக்கும் சேர்த்து 736. ஒருவர் சராசரியாக ஏழு ஆண்டுகள் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 105 நாற்காலிகள்தான் காலியாகும். வரிசையில் நிற்பவர்கள் 224 பேர். அவர்களோடு, தெரிவே ஆகாமல் பின்வாசலால் வருபவர்களும் இருக்கிறார்கள். மார்ட்டன் சென் லூயியை எந்த அணியும் தெரிவு செய்யவில்லை, ஆள் குட்டை என்று. 2004இல் அதே மனிதர் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்து, அதே ஆண்டு ராம்பா அணியோடு லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணத்தையும் தூக்கினார்.

முதல் சுற்றில் தெரிவானவர்களில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு நாள் மேலே ஆடிவிடுகிறார்கள். சுற்று பின்னே போகப் போக அந்த வாய்ப்பு மளமளவென்று சரியும். ஆகவே வரிசை எண் பொய் சொல்வதில்லை. ஒரு கூட்டத்தைப் பற்றி அது நன்றாகவே சொல்கிறது. ஒரு தனிப் பிள்ளையைப் பற்றிக் கேட்டால்தான் தடுமாறுகிறது.

ஏன் தடுமாறுகிறது என்றால் முதல் காரணம் பிறந்தநாள். கனடாவில் பிள்ளைகளை வயதுப் பிரிவுகளாகப் பிரிப்பதற்கு ஜனவரி 1தான் எல்லை. ஒன்பது வயதுப் பிரிவில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒன்றாக நிற்பார்கள். இருவருக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு ஆண்டு வளர்ச்சி வித்தியாசம். உயரமானவன் நல்ல அணிக்குத் தெரிவாகிறான், அதனால் கூடுதல் பயிற்சி கிடைக்கிறது, அதனால் இன்னும் நன்றாக ஆடுகிறான். கனடாவின் மேல்மட்ட இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அளவுக்கு மிஞ்சி இருக்கிறார்கள் என்று ரொஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்வாளர்களும் 1985இலேயே எழுதிவிட்டார்கள். ஒரு சாத்திரியாரும் தேவையில்லாமல் பிறந்த மாதம் பலன் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

டிராஃப்டுக்கு இன்னொரு எல்லை இருக்கிறது. அந்த ஆண்டு செப்டெம்பர் 15க்குள் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒஸ்ரன் மத்யூஸ் பிறந்தது 1997 செப்டெம்பர் 17. இரண்டே இரண்டு நாள் பிந்தியதால் 2015 டிராஃப்டுக்கு வர முடியவில்லை. ஒரு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டை அவர் இளையோர் லீக்கில் கழிக்கவில்லை. சுவிற்சர்லாந்துக்குப் போய், சூரிச் அணியில் வளர்ந்த ஆண்களோடு ஆடினார். 2016இல் முதலாவது ஆளாக ரொறன்ரோவுக்குத் தெரிவாகி, முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் போட்டார். ஆகவே ஒரு ப்ரொஸ்பெக்ற்றைப் பற்றிப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது பிறந்த தேதியை. அடுத்து, யாரோடு ஆடினான் என்பதை.

பி.கே.யின் பாதைக்கு வருவோம். தகப்பன் கார்ல் ரொறன்ரோவில் ஆசிரியர், பின்னர் பள்ளி அதிபர். சின்ன வயதில் மகனை இரவு நேரத்தில் நகரசபை முன்றலில் உள்ள நேதன் ஃபிலிப்ஸ் சதுக்கத்துப் பனித்தரைக்குக் கூட்டிக்கொண்டு போவார். கூட்டம் கலைந்த நேரம், அரங்கக் கட்டணமும் கிடையாது. இந்த ஊரில் ஒரு பிள்ளையை ஹொக்கியில் விட்டவர்களுக்கு அந்தக் கடைசி வார்த்தையின் பெறுமதி தெரியும். மட்டையும் சப்பாத்தும் கவசமும் ஆண்டுதோறும் சின்னதாகிப் போகும், அரங்க நேரத்துக்கு மணிக்கணக்கில் காசு.

2005இல் ஒன்ராறியோ இளையோர் லீக்கின் டிராஃப்டில் பெல்வில் அவரைத் தெரிவு செய்தது 11ஆம் சுற்றில், 218ஆவது ஆளாக. முதல் பருவத்தில் 52 ஆட்டங்களில் 12 புள்ளிகள். ஹொக்கியில் கோல் போட்டாலும் ஒரு புள்ளி, கோலுக்குப் பந்து கடத்தினாலும் ஒரு புள்ளி. பந்து என்பது பழக்கதோஷம், தட்டையான ரப்பர் வட்டு அது, பக் என்பார்கள். அடுத்த பருவம் 56 புள்ளிகள். 2007 கோடையில் மொன்றியல் அவரை 43ஆவதாக எடுத்தது. பிறகு ஒரு வருடம் 46 என்று இறங்கி, அடுத்த வருடம் 76 ஆக ஏறினார். வளர்ச்சி என்பது மாடிப்படி அல்ல. அந்த 46ஐப் பார்த்துக் கையை விரித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

கவனிக்க வேண்டியது: மொன்றியல் தெரிவு செய்த பிறகும் அவர் இரண்டு பருவங்கள் பெல்விலுக்கே திரும்பிப் போனார். இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. கனடிய இளையோர் லீக்குகளிலிருந்து தெரிவான பிள்ளை 20 வயது ஆகும்வரை ஒன்று என்.எச்.எல்.லில் ஆட வேண்டும், அல்லது இளையோர் லீக்குக்கே திரும்ப வேண்டும். இடைப்பட்ட லீக்கான ஏ.எச்.எல்.லுக்கு அனுப்ப முடியாது. கீழே ஆடினால் சுலபமாகிப் போய்ச் சலித்துவிடும், மேலே ஆடினால் அடிபட்டு நசுங்கிவிடும் என்ற நிலையில் எத்தனையோ 19 வயதுப் பிள்ளைகள் மாட்டிக்கொண்டார்கள். இது எனக்குப் பிடிக்காத விதி. இளையோர் அணிகளின் நுழைவுச்சீட்டு விற்பனையைக் காப்பாற்றியதே தவிர, பிள்ளைகளுக்கு அது என்ன செய்தது என்று எனக்கு விளங்கவில்லை. 2026-27 பருவத்திலிருந்து அணிக்கு ஒரு 19 வயதுக்காரரை ஏ.எச்.எல்.லுக்கு அனுப்பலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய மாற்றம் 2025இல் வந்தது. கனடிய இளையோர் லீக்கில் ஆடியவர்களுக்கு மூடியிருந்த அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கியின் கதவு திறந்துவிட்டது.

ஏ.எச்.எல். என்பது பெயருக்குத்தான் இரண்டாம் தரம். ஒவ்வொரு என்.எச்.எல். அணிக்கும் அங்கே ஒரு துணை அணி இருக்கிறது. இன்று மேலே ஆடுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்த வழியாக வந்தவர்கள்தான் என்று அந்த லீக் பெருமையாகச் சொல்லும். பி.கே. 2009-10 பருவத்தை அங்கே ஹமில்ரன் அணியில் கழித்தார். 77 ஆட்டங்கள், 53 புள்ளிகள். அந்த வசந்தத்தில் ப்ளேஓஃப் நேரம், அதாவது கிண்ணத்துக்கான வெளியேற்றச் சுற்றுகள் நடக்கும் நேரம், மொன்றியலிலிருந்து அழைப்பு வந்தது. வொஷிங்ரனையும் பிற்ஸ்பேர்க்கையும் மொன்றியல் வீழ்த்திய அந்த ஓட்டத்தில் 14 ஆட்டங்கள் ஆடி 8 புள்ளிகள் எடுத்தார். அடுத்த பருவத்திலிருந்து கீழே இறங்கவேயில்லை. தெரிவான நாளுக்கும் நிலையான இடத்துக்கும் நடுவே மூன்று ஆண்டுகள்.

மால்கமின் கதை கோல்காப்பாளரின் கதை. முன்கள வீரர்களுக்கு ஒரு ஆட்டத்தில் 12 இடங்கள் இருக்கின்றன, கோல் வாசலில் ஒருவர்தான் நிற்க முடியும். லீக் முழுவதிலும் மாற்று ஆளையும் சேர்த்தே 64 இடங்கள். பொஸ்ரன் அவரை 2012இல் எடுத்தபோது அங்கே துக்கா ராஸ்க் என்ற பின்லாந்துக்காரர் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தார். மால்கமுக்கு முதல் ஆட்டம் 2015 பெப்ரவரியில் சென்ற் லூயிஸ் நகரில் கிடைத்தது. ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டாவதில், அதுவரை வந்த ஆறு அடிகளில் மூன்று கோலாகிவிட, பயிற்றுநர் அவரை வெளியே அழைத்துவிட்டார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், துணை அணியின் ஆட்டம் தொடங்குமுன் நடக்கும் வெள்ளோட்டத்தில் பக் தொண்டையில் பட்டுக் குரல்வளை முறிந்தது. ஆட்டத்தில்கூட அல்ல, வெள்ளோட்டத்தில்.

2017 ஒக்ரோபரில் பொஸ்ரன் அவரைக் கீழே அனுப்பப் பார்த்தது. இங்கேதான் ‘வேவர்’ என்ற விதி வருகிறது. புதியவர்களுக்கு அதிகம் குழப்பம் தருவது இதுதான். ஒப்பந்தத்தில் சில ஆண்டுகள் கழித்த வீரரைத் துணை அணிக்கு இறக்க வேண்டுமானால், முதலில் மற்ற எல்லா அணிகளிடமும் “உங்களுக்கு வேண்டுமோ?” என்று ஒரு நாள் அவகாசம் கொடுத்துக் கேட்க வேண்டும். வேண்டும் என்று சொல்லும் அணி பதிலுக்கு எந்த வீரரையும் கொடுக்காமல் அவரை எடுத்துக்கொள்ளலாம். வேகஸ் அணி எடுத்துக்கொண்டது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஒக்ரோபர் 15 அன்று மால்கம் தன் முதல் என்.எச்.எல். வெற்றியைப் பெற்றார். எதிரே நின்றது பொஸ்ரன்.

இதே விதி இளம் பிள்ளைகளைத் தலைகீழாகத் தாக்கும். புதிதாக வந்தவனுக்கு வேவர் கிடையாது, யாரையும் கேட்காமல் இறக்கலாம். ஆகவே பயிற்சி முகாமில் மூத்தவனைவிட நன்றாக ஆடிய 21 வயதுப் பெடியன் கீழே போவான். மூத்தவனை இறக்கினால் வேறு அணி தூக்கிவிடும் என்ற பயம்தான் காரணம். “பிள்ளை தேறவில்லைப் போல” என்று நாம் நினைப்போம். கோளாறு பிள்ளையில் இல்லை, கணக்கில்.

காசுக் கணக்கும் இப்படி ஒன்று உண்டு. 18 வயதில் ஒப்பந்தம் எழுதும் பிள்ளைக்கு மூன்று ஆண்டு, சம்பளத்துக்கு உச்சவரம்பு. 2024இல் தெரிவானவர்களுக்கு அது ஆண்டுக்கு 9,75,000 டொலர். ஒரு அணி மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய தொகைக்கும் வரம்பு உண்டு, 2025-26இல் 9.55 கோடி டொலர். மலிவான நல்ல பிள்ளை என்றால் அந்த மூன்று ஆண்டுகளும் அணிக்குத் தங்கம். 18, 19 வயதில் பத்தாவது ஆட்டத்தைத் தொடாவிட்டால் முதல் ஆண்டு கணக்கில் எண்ணப்படாது, ஒப்பந்தம் அப்படியே அடுத்த ஆண்டுக்கு நகரும். ஒக்ரோபர் கடைசியில் “ஒன்பது ஆட்டம் ஆடிய இளம் வீரர் திருப்பி அனுப்பப்பட்டார்” என்ற செய்தியைப் பார்த்தால், ஏன் ஒன்பது என்று இனி நீங்களே சொல்லலாம்.

ஜோர்டன் மூவரிலும் இளையவர், உயரத்திலும் சிறியவர். வன்கூவர் அவரை 2013இல் நான்காம் சுற்றில் எடுத்தது. தமையனைப் போலவே தாக்குதலுக்குக் கைகொடுக்கும் தடுப்பாட்டக்காரர். பெல்விலில் கடைசிப் பருவத்தில் 25 கோல் போட்டவர். அதன்பின் ஏ.எச்.எல்.லில் ஆண்டுகள் ஓடின. 2017 டிசம்பரில் லொஸ் ஏஞ்சலிஸ் அணிக்குக் கைமாறினார். அங்கும் மேலே அழைப்பு வரவில்லை. கடைசியில் ஐரோப்பாவுக்குப் போய் ஆடினார். இதைத் தோல்வி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. உலகின் கடினமான லீக்குகளில் ஒன்றில் ஆண்டுக்கணக்காகச் சம்பளம் வாங்கி ஆடிய ஆள் அவர்.

எண்களை வைத்து முன்கூட்டியே ஊகிக்க முடியாதா என்று கேட்பீர்கள். ஒரு வழி இருக்கிறது. ஒரு லீக்கிலிருந்து மேலே போனவர்களின் புள்ளிகள் எவ்வளவு சுருங்கின என்று பழைய கணக்குகளைப் பார்த்து, அந்த லீக்குக்கு ஒரு பெருக்கெண் வைப்பார்கள். கனடிய மேற்கு இளையோர் லீக்குக்கு அது ஏறத்தாழ 0.3. கோனர் பெடார்ட் 2022-23இல் அங்கே 57 ஆட்டங்களில் 143 புள்ளிகள் எடுத்தார். ஆட்டத்துக்கு 2.5. 0.3ஆல் பெருக்கினால் 0.75. அடுத்த ஆண்டு சிக்காகோவில் உண்மையில் எடுத்தது 68 ஆட்டங்களில் 61, ஆட்டத்துக்கு 0.9. கணக்கு கிட்டத்தில் வந்தது, பிள்ளை அதையும் தாண்டினான். ஆனால் 20 வயதுக்காரன் 16 வயதுப் பிள்ளைகளை உருட்டி எடுத்த புள்ளிகளுக்கும் இதே பெருக்கெண்ணைப் போட்டால் ஏமாறுவீர்கள்.

எண்ணுக்குள் அடங்காதது ஸ்கேற்றிங். பிரேடன் போயின்ற் 2014இல் மூன்றாம் சுற்றில் 79ஆவதாகப் போனார். உயரம் குறைவு, வேகம் போதாது என்ற பேச்சு இருந்தது. ராம்பா அணி அவருக்குப் பிடித்துக் கொடுத்த பயிற்றுநர் பார்பரா அண்டர்ஹில். ஹொக்கிக்காரர் அல்ல, 1984இல் சோடி ஸ்கேற்றிங்கில் உலகப் பட்டம் வென்றவர். பாதத்தை எங்கே ஊன்றுவது, முழங்காலை எவ்வளவு மடிப்பது என்று அடியிலிருந்து மாற்றினார். அதே போயின்ற் பின்னர் ஒரு பருவத்தில் 50 கோலைத் தாண்டியவர். 17 வயதில் குறையாகத் தெரிவது எது, 20இல் திருத்தக்கூடியது எது என்று பிரித்துப் பார்ப்பதில்தான் நல்ல ஸ்கவுட்டும் மற்றவர்களும் பிரிகிறார்கள்.

பொறுமையைப் பற்றிப் பேசினால் எல்லாரும் டிட்ரொயிற் அணியைச் சொல்வார்கள். மாங்காயைப் புகைபோட்டுப் பழுக்க வைப்பதில்லை, மரத்திலேயே விட்டுவிடுவார்கள். 1998இல் 171ஆவதாக எடுத்த பவெல் டட்சுக்கை 2001வரை ரஷ்யாவில் விட்டுவைத்தார்கள். 1999இல் 210ஆவதாக எடுத்த ஹென்றிக் செற்றர்பேர்க்கை 2002வரை சுவீடனில். ஆனால் புகழ்பவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அன்றைய டிட்ரொயிற்றில் நட்சத்திரங்கள் நிறைந்திருந்தன, காத்திருக்க வசதி இருந்தது. வீட்டில் அரிசி இல்லாதவன் மாங்காயைப் பழுக்க விடமாட்டான். அதே 1999இல் முதலாவதாகத் தெரிவான பற்றிக் ஸ்ரெஃபான் போய்ச் சேர்ந்தது அற்லான்ராவில் புத்தம் புதிதாகத் தொடங்கிய அணியில். அந்த இலையுதிர்காலமே களத்தில் இறக்கிவிட்டார்கள். மொத்தம் 455 ஆட்டங்கள், 64 கோல்களோடு முடிந்தது அவருடைய கணக்கு. 210ஆவது ஆளான செற்றர்பேர்க் 1,082 ஆட்டங்கள், 337 கோல்கள். இருவரும் இடம் மாறிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு.

டிராஃப்டின் முதல் சுற்று ஒரு மாலை நேரத்தில் விளக்கும் கைதட்டலுமாக நடக்கும். மற்ற ஆறும் மறுநாள் பகலில் விறுவிறுவென்று ஓடும். ஐந்தாம் சுற்றுக்கு மேல் அறிவிப்பாளருக்கே பெயர்கள் வாயில் நுழையாது. “இன்னும் முடியவில்லையோ?” என்று வீட்டில் கேட்பார்கள். தொலைக்காட்சியை அணைக்க நான் விடுவதில்லை. 210 வரட்டும் என்பேன்.